கையால் ஓட்டினால் ஓடுகிறது: கோப்பு ஏற்றும் நிரல்களும் தரவுத்தள இணைப்பும்

கிளைகளிலிருந்து நள்ளிரவில் வந்து சேரும் சிஎஸ்வி கோப்புகளை எடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் சிறு நிரல் ஒன்று அநேகமாக எல்லா அலுவலகங்களிலும் இருக்கும். வங்கியில் அது பரிவர்த்தனைப் பட்டியலை ஏற்றும். மருத்துவமனையில் ஆய்வக முடிவுகளை, கடையில் சரக்கு இருப்பை. இருபது முப்பது வரி ஷெல் ஸ்கிரிப்டே போதும். எழுதியவர் பகலில் தன் திரையில் ஓட்டிப் பார்க்கிறார், ஓடுகிறது. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் வந்து பார்த்தால் அட்டவணை காலி. "கையால ஓட்டினா ஓடுது சார், கிரான்ல ஓடமாட்டேங்குது" என்ற புகாரைக் கேட்காத தரவுத்தள நிர்வாகி இருக்க முடியாது.

இந்தப் புகாரில் தரவுத்தளத்தின் பிழை அரிதாகவே இருக்கும். சர்வர், போர்ட், தரவுத்தளப் பெயர், பயனர், கடவுச்சொல் என்ற ஐந்தையும் நாம் இணைப்பு விவரம் என்கிறோம். ஐந்தையும் நாமே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பாதியைக் கருவி தானாகச் சூழலிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறோம், அந்தக் கணக்கின் வீட்டு அடைவு எது, எந்த இயந்திரத்தில் நிற்கிறோம், என்னென்ன சூழல் மாறிகள் அமைந்திருக்கின்றன, எதிரே திரை இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்கிறது. பகலில் ஓட்டியவரும் இரவில் ஓட்டும் கிரானும் இந்த ஐந்தில் பலவற்றில் வேறு வேறு ஆட்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் ஆகியவற்றின் கட்டளை வரிக் கருவிகளை வரிசையாகப் பார்த்தால், இணைப்பை அமைப்பது என்பது பெரும்பகுதி இந்த ஒன்றைத் தீர்மானிப்பதுதான்: நிரல் யாராக ஓடுகிறது, எங்கே நின்று ஓடுகிறது?

கடவுச்சொல் எங்கே இருக்கிறது

கட்டளை வரியிலேயே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிவிடுவது பழைய வழக்கம். ஆரக்கிள் கற்றவர்கள் எல்லோருக்கும் ஸ்காட், சாய்கோடு, டைகர் என்ற ஜோடி மனப்பாடம். அந்த நிறுவனத்தின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான புரூஸ் ஸ்காட்டின் பெயர் அது. டைகர் அவர் வீட்டுப் பூனை. இப்படி எழுதிய கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் வரை, லினக்ஸின் இயல்பான அமைப்பில், அதே இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் பிஎஸ் கட்டளையால் அந்த வரியை முழுதாகப் படிக்கலாம். ஓடி முடிந்த பிறகும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அது தங்கிவிடுகிறது. மைஎஸ்கியூஎல் கிளையண்ட் தொடங்கியதும் தன் வரியிலிருந்து கடவுச்சொல்லை அழித்துவிடும், ஆனாலும் இடையில் ஒரு நொடி இடைவெளி உண்டு. இது பாதுகாப்பற்றது என்று ஓர் எச்சரிக்கையையும் அது அச்சிடுகிறது. பல ஸ்கிரிப்டுகளில் அந்த எச்சரிக்கையைக் குப்பைக்குத் திருப்பிவிடும் ஒரு வரி சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். எச்சரிக்கையோடு உண்மையான பிழைச் செய்திகளும் அதே குப்பைக்குப் போகின்றன என்பது பிறகுதான் தெரியவரும். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல் கருவியில் கடவுச்சொல்லுக்கென்று தனிக் கொடியே வைக்கவில்லை. வேண்டுமென்றே எடுத்த முடிவு அது, நல்ல முடிவு. ஆனால் இணைப்பு முகவரியை யூஆர்ஐ வடிவில் எழுதினால் அதற்குள் கடவுச்சொல்லை நுழைத்துவிடலாம், நுழைக்கிறார்கள்.

அடுத்த இடம் சூழல் மாறி. 2011 வாக்கில் ஹெரோக்கு நிறுவனத்தார் எழுதிய பன்னிரண்டு காரணிகள் என்ற வழிகாட்டி, அமைப்பு விவரங்களை நிரலிலிருந்து பிரித்துச் சூழல் மாறிகளில் வை என்று சொன்னது. ஒரு தலைமுறையே அப்படிப் பழகியது. கட்டளை வரியைவிட இது மேல். ஒரு செயலியின் சூழலை லினக்ஸில் அதன் சொந்தக்காரரும் ரூட்டும் மட்டுமே படிக்க முடியும். ஆனால் சூழல் பிள்ளைச் செயலிகளுக்கெல்லாம் அப்படியே போகும். கோப்பை விரிக்க அழைக்கும் அன்ஜிப்புக்குக்கூட தரவுத்தளக் கடவுச்சொல் தெரிந்திருக்கும். டாக்கரில் கொடுத்த சூழல் மாறிகளை இன்ஸ்பெக்ட் கட்டளை வெளிப்படையாகக் காட்டும். மைஎஸ்கியூஎல் தன் கடவுச்சொல் மாறியை 8.0 பதிப்பில் கைவிடத்தக்கது என்றே அறிவித்துவிட்டது. கிரானைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லாகின் செய்யும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் கோப்பைக் கிரான் படிப்பதில்லை. அங்கே எழுதி வைத்த மாறி எதுவும் இரவு இரண்டு மணிக்கு இருக்காது.

மூன்றாவது இடம் தனிக் கோப்பு, அதில் போஸ்ட்கிரெஸின் பிஜிபாஸ் கோப்புதான் என் பார்வையில் இன்றுவரை சிறந்த எளிய ஏற்பாடு. ஒரு வரிக்கு ஐந்து புலங்கள்: சர்வர், போர்ட், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல்; நடுவில் முக்காற்புள்ளி. எதுவானாலும் சரி என்றால் நட்சத்திரக் குறி. மேலிருந்து படித்து முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்வதால், பொதுவான வரியை மேலே எழுதினால் கீழே உள்ள குறிப்பான வரிகள் செத்த வரிகள். கோப்பைச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாராவது படிக்க முடியும் என்றால், அதாவது அனுமதி 0600-ஐவிடத் தளர்ந்திருந்தால், போஸ்ட்கிரெஸின் கிளையண்ட் நூலகமான லிப்பிக்யூ அந்தக் கோப்பையே ஒதுக்கிவிடும். பாதுகாப்பை அறிவுரையாகச் சொல்லாமல் நிபந்தனையாக வைத்த வடிவமைப்பு இது. விண்டோஸில் இந்தச் சோதனை கிடையாது. பயனரின் ஆப்டேட்டா அடைவே பத்திரம் என்று நம்பிவிடுகிறது.

இந்தக் கோப்போடு சர்வீஸ் கோப்பையும் சேர்த்துக்கொண்டால் அமைப்பு முழுமை பெறும். அதில் சர்வர், போர்ட், தரவுத்தளப் பெயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிடலாம். ஸ்கிரிப்டில் மிஞ்சுவது அந்தப் பெயர் மட்டும். சோதனைச் சர்வரிலிருந்து உண்மைச் சர்வருக்கு மாறும்போது ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம். ஆனால் இரண்டு கோப்புகளும் இயல்பாக வீட்டு அடைவில்தான் தேடப்படும். பகலில் ஓட்டியவரின் வீடு ஒன்று, கிரான் ரூட்டாக ஓடினால் அதன் வீடு வேறு. இரண்டின் பாதையையும் முழுதாக எழுதிச் சூழல் மாறியாக ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மறைக்க வேண்டியது கோப்பின் உள்ளடக்கம்தானே, அது இருக்கும் இடத்தை வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை.

மைஎஸ்கியூஎல் பக்கம் வீட்டு அடைவின் மைசிஎன்எஃப் கோப்பு இதே வேலையைச் செய்கிறது. அதன் சோதனை வேறு மாதிரி: எல்லோரும் எழுதக்கூடிய கோப்பாக இருந்தால் ஒதுக்கிவிடும், எல்லோரும் படிக்கக்கூடியதாக இருந்தால் கண்டுகொள்ளாது. கடவுச்சொல் இருக்கும் கோப்புக்கு இது தலைகீழான கவலை என்றே சொல்ல வேண்டும். 5.6 பதிப்பில் வந்த கான்ஃபிக் எடிட்டர் கருவி நிலைமையைச் சற்றுச் சீராக்கியது. லாகின் பாதை என்று ஒரு பெயர் கொடுத்து விவரங்களைப் பதிந்தால், அவற்றைக் குழப்பிய வடிவில் தனிக் கோப்பில் வைக்கிறது. சங்கேதமாக்கப்பட்டது என்று நம்பி அந்தக் கோப்பை நிரல் களஞ்சியத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுபவர்கள் உண்டு. திறக்கும் சாவி அதே கோப்புக்குள்தான் இருக்கிறது. பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை. கூடவே வரும் இன்னொரு சிறு கருவியிடம் ஒரு கொடி சேர்த்துக் கேட்டால் கடவுச்சொல்லைத் திரையில் எழுதிக் காட்டிவிடும். தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மட்டும் அது காக்கும். இன்னொன்று: மரியாடிபி கிளையண்டுகள் இந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. டெபியனில் மைஎஸ்கியூஎல் என்று தட்டினால் ஓடுவது பெரும்பாலும் மரியாடிபி கிளையண்ட். கட்டளையின் பெயர் ஒன்றாகவே இருப்பதால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

ஆரக்கிள் 10ஜியின் இரண்டாம் வெளியீட்டில் வந்த வாலட் வழி இன்னும் கனமானது. எம்கேஸ்டோர் கருவியால் ஒரு வாலட்டை உருவாக்கி, இணைப்புப் பெயருக்கு எதிரே பயனரையும் கடவுச்சொல்லையும் வைத்துவிட்டால், கட்டளை வரியில் வெறும் சாய்கோடும் அட் குறியும் இணைப்புப் பெயரும் போதும். தானே திறந்துகொள்ளும் சாதாரண வாலட்டை வேறு இயந்திரத்துக்கு நகலெடுத்துப் போனாலும் அங்கேயும் திறக்கும். பின்னர் வந்த உள்ளூர் வாலட் அப்படியில்லை. உருவாக்கிய இயந்திரத்தில், உருவாக்கிய பயனருக்கு மட்டுமே திறக்கும். யார், எங்கே என்ற இரண்டையும் கோப்பிலேயே பொறித்துவிட்டார்கள்.

கடவுச்சொல்லின் எழுத்துகள் படுத்தும் பாடு தனிக் கதை. வலுவான கடவுச்சொல் வேண்டும் என்று டாலர், அட், ஹேஷ், சதவீதம், முக்காற்புள்ளி எல்லாம் கலந்து ஒன்றை உருவாக்குகிறார்கள். ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியை மாறியின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். யூஆர்ஐயில் அட் குறி வந்தால் அதுவரை பயனர், அதன் பின் சர்வர் என்று பிரித்துவிடும். சதவீத வடிவில் மாற்றி எழுத வேண்டும். பிஜிபாஸில் முக்காற்புள்ளிக்கு முன் பின்சாய்கோடு வேண்டும். மைசிஎன்எஃப் கோப்பில் ஹேஷ் வந்தால் அதற்குப் பின் எல்லாம் குறிப்புரை. மேற்கோளுக்குள் போட்டால்தான் தப்பும். எல்லாவற்றிலும் மோசமானது கிரான் அட்டவணை வரி. அங்கே சதவீதக் குறி என்றால் வரி முடிந்தது என்று பொருள், மீதியெல்லாம் கட்டளையின் உள்ளீடாகப் போய்விடும். கையால் தட்டும்போது சரியாகவும் கிரானில் தப்பாகவும் போகும் வழக்குகளில் கணிசமானவை இந்த ஒற்றைக் குறியால் வந்தவை. எழுத்து வகைகளைக் கலப்பதைவிட நீளமான, வெறும் எழுத்தும் எண்ணுமான கடவுச்சொல்லை நிரல்களுக்கு வைப்பது புத்திசாலித்தனம். மனிதர் மனப்பாடம் செய்யப் போவதில்லை, நாற்பது எழுத்து இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மைஎஸ்கியூஎல்லில் பி கொடிக்கும் கடவுச்சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டால், அதைத் தரவுத்தளத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும் பழக்கமும் சேர்ந்து பலரின் மாலை நேரத்தைத் தின்றிருக்கிறது.

கடவுச்சொல்லே வேண்டாம் என்ற வழியும் உண்டு, முடிந்தால் அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். நிரலும் தரவுத்தளமும் ஒரே லினக்ஸ் இயந்திரத்தில் இருந்தால், யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வருபவர் எந்தப் பயனர் என்பதை இயங்குதளமே சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸின் பியர் முறை, மரியாடிபியின் யூனிக்ஸ் சாக்கெட் முறை இரண்டும் இதுதான். விண்டோஸ் உலகில் எஸ்கியூஎல் சர்வரின் பிசிபி கருவிக்குப் பெரிய டி கொடி கொடுத்தால், ஓட்டுபவரின் விண்டோஸ் கணக்கே அடையாளம். விண்டோஸ் சர்வர் 2012 பதிப்பிலிருந்து வரும் குழு நிர்வாகச் சேவைக் கணக்குகளில் கடவுச்சொல்லை டொமைன் கன்ட்ரோலரே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும், மனிதர் யாருக்கும் அது தெரியாது. மேகச் சேவைகளில் அமேசானின் ஆர்டிஎஸ் 15 நிமிடம் மட்டுமே செல்லும் டோக்கனைத் தருகிறது. இவை எல்லாவற்றிலும் ரகசியம் மறைந்து அடையாளம் மட்டும் நிற்கிறது. எந்தக் கணக்கில் ஓடுகிறோம் என்ற கேள்வியை இங்கே தள்ளிப்போட முடியாது.

ரகசியத்தை நிரலோடு சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் ஒரு பாடம். 2016-ல் அதன் பொறியாளர்களின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்த அமேசான் சாவியை எடுத்துக்கொண்டு, 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். ஊடுருவியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மறைத்த நிறுவனம், அடுத்த ஆண்டு நவம்பரில்தான் வெளியே சொன்னது.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் எது

சர்வரின் முகவரி எளிய விஷயம் என்று தோன்றும். மைஎஸ்கியூஎல் கிளையண்டுக்கு யூனிக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அது நெட்வொர்க் பக்கமே போவதில்லை. சாக்கெட் கோப்பைத் தேடும். 127.0.0.1 என்று எழுதினால்தான் 3306 போர்ட்டுக்குப் போகும். நிரல் ஒரு கண்டெய்னருக்குள் இருந்தால் அங்கே சாக்கெட் கோப்பே இருக்காது. பிழை எண்ணைப் பார்த்தாலே எந்த வழியில் போனது என்று சொல்லிவிடலாம்: சாக்கெட் வழியில் தோற்றால் 2002, நெட்வொர்க் வழியில் தோற்றால் 2003, உள்ளே போய் அடையாளத்தில் தோற்றால் 1045. போதாததற்கு, ஒரே பெயரில் லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் பயனரும் வேறு முகவரியிலிருந்து வரும் பயனரும் மைஎஸ்கியூஎல்லுக்கு இரண்டு தனிக் கணக்குகள், இரண்டு கடவுச்சொற்கள்.

போஸ்ட்கிரெஸில் சர்வர் பெயரே கொடுக்காவிட்டால் சாக்கெட், லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் 5432 போர்ட். யார் எந்த வழியில் நுழையலாம் என்று சொல்லும் சர்வரின் ஹெச்பிஏ கோப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு வரிகள், வெவ்வேறு அடையாள முறைகள். அங்கேயும் முதலில் பொருந்தும் வரியே இறுதி. அதில் தோற்றால் அடுத்த வரிக்கு இறங்கிப் பார்க்காது. ஆரக்கிள் இணைப்புப் பெயர்களை டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பில் தேடும். அந்தக் கோப்பு எந்த அடைவில் என்பதை டிஎன்எஸ் அட்மின் சூழல் மாறி சொல்லும், ஒரே இயந்திரத்தில் மூன்று ஆரக்கிள் கிளையண்டுகள் நிறுவப்பட்டிருந்தால் மூன்று கோப்புகள் இருக்கும். ஓடிபிசி வழியாகப் போகும் நிரல்களுக்கும் இதே கதி. யூனிக்ஸ் ஓடிபிசியில் ஓடிபிசிஇன்ஸ்ட் கருவியை ஜே கொடியோடு ஓட்டினால், எந்தப் பயனருக்கு எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று பட்டியலிடும். அதை நிரல் ஓடும் அதே கணக்கில் ஓட்ட வேண்டும்.

சர்வரே இல்லாத எஸ்கியூலைட்டில் சிக்கல் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு இது: அங்கே இணைப்பு என்பது ஒரு கோப்புப் பாதை. பாதையில் எழுத்துப்பிழை இருந்தாலோ, கிரான் வீட்டு அடைவிலிருந்து ஓடுவதால் சார்புப் பாதை வேறெங்கோ சுட்டினாலோ, அது பிழை சொல்லாது. அந்தப் பெயரில் புதிய தரவுத்தளத்தை உருவாக்கிக்கொள்ளும். அதன் கட்டளை வரிக் கருவியின் இம்போர்ட் கட்டளையோ, அட்டவணை இல்லாவிட்டால் சிஎஸ்வியின் முதல் வரியைப் பார்த்து அட்டவணையையும் தானே உருவாக்கும். நிரல் வெற்றி என்று அறிவிக்கும். தரவெல்லாம் யாரும் பார்க்காத ஒரு கோப்பில் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருக்கும். ஐந்து அமைப்புகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்தப் பணிவான ஒன்றுதான்.

கோப்பைத் திறப்பது யார்

இணைப்பு சரியாக அமைந்த பிறகும், கோப்பு ஏற்றும் நிரலுக்கே உரிய ஒரு கேள்வி மிஞ்சுகிறது: கோப்பைத் திறந்து படிப்பது கிளையண்டா, சர்வரா? போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையில் எழுதும் பாதை சர்வர் இயந்திரத்தின் பாதை, திறப்பது சர்வர் செயலி. அதற்கு சூப்பர்யூசர் உரிமையோ, 11-ஆம் பதிப்பில் வந்த சர்வர் கோப்பு படிக்கும் பாத்திரமோ தேவை. பின்சாய்கோடு சேர்த்து எழுதும் காப்பி, பிஎஸ்கியூஎல்லின் சொந்தக் கட்டளை. கோப்பைக் கிளையண்ட் திறந்து இணைப்பு வழியே அனுப்பும். ஒரு குறியின் வித்தியாசம்தான், ஆனால் அதில் இயந்திரமும் பயனரும் உரிமையும் மாறிவிடுகின்றன. ஏற்றும் நிரலுக்குப் பின்சாய்கோடு காப்பியே பொருத்தம். இடைநிலை அட்டவணை ஒன்றில் சேர்க்கும் உரிமை மட்டும் கொண்ட பாத்திரம் அதற்குப் போதும்.

மைஎஸ்கியூஎல்லின் லோட் டேட்டாவிலும் இதே பிரிவு. லோக்கல் என்ற சொல் இல்லாவிட்டால் சர்வர் திறக்கும், செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற அமைப்பு அனுமதித்த அடைவுக்குள் மட்டும். உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு வேறு குறுக்கே நின்று, லினக்ஸ் அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கும். லோக்கல் இருந்தால் கிளையண்ட் அனுப்பும், 8.0-இலிருந்து சர்வரில் அது இயல்பாக மூடப்பட்டிருக்கிறது. மூடியதற்குக் காரணம் உண்டு. எந்தக் கோப்பு வேண்டும் என்று கிளையண்டிடம் கேட்பது சர்வர்தான். கெட்ட எண்ணம் கொண்ட சர்வர் ஒன்று, நாம் கொடுத்த கோப்பை விட்டுவிட்டு வேறு கோப்பைக் கேட்டாலும் கிளையண்ட் எடுத்துக் கொடுத்துவிடும். மைஎஸ்கியூஎல் இம்போர்ட் என்ற கருவி இதே கட்டளையின் கட்டளை வரி உருவம். கோப்பின் பெயரையே அட்டவணையின் பெயராக எடுத்துக்கொள்வது அதன் விசித்திரம். தேதி சேர்த்துப் பெயரிட்ட கோப்புகள் வரும் இடத்தில் அது கைகொடுக்காது.

எஸ்கியூஎல் சர்வரில் பல்க் இன்சர்ட் சர்வர் பக்கத்து வேலை, பிசிபி கிளையண்ட் பக்கத்து வேலை. ஆரக்கிளின் எஸ்கியூஎல் லோடர் கிளையண்ட் பக்கம். ஏறாத வரிகளைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் பழக்கத்தை மற்றவர்கள் அதனிடம் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ்க் கோப்புகளைக் கையாள்பவர்களுக்கு எழுத்துக் குறியேற்றமும் இணைப்பின் பகுதிதான். எஸ்கியூஎல் லோடர் என்எல்எஸ் லேங் என்ற சூழல் மாறியைப் பார்த்துக் கோப்பின் குறியேற்றத்தை ஊகிக்கும். மாறி இல்லாவிட்டால் ஏழு பிட் ஆஸ்கி என்று முடிவுகட்டிவிடும். ப்ரொஃபைலில் அந்த மாறி இருந்ததால் பகலில் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக ஏறியிருக்கும். இரவில் கிரானில் கேள்விக்குறிகளாக ஏறும். லோடரின் கன்ட்ரோல் கோப்பிலேயே குறியேற்றத்தை எழுதிவிட்டால் இந்த ஊகத்துக்கு வேலையில்லை. பிஎஸ்கியூஎல் எதிரே டெர்மினல் இருந்தால் லொக்கேலைப் பார்த்துக் குறியேற்றத்தை முடிவு செய்யும், இல்லாவிட்டால் தரவுத்தளத்தின் குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே விண்டோஸில் கையால் ஓட்டும்போது தப்பாகவும் தானாக ஓடும்போது சரியாகவும் போகும் அபூர்வக் காட்சியும் உண்டு.

மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முன் இயல்பான குறியேற்றம் லத்தீன்1. யூடிஎஃப்-8 தமிழை லத்தீன் இணைப்பு வழியே யூடிஎஃப்-8 அட்டவணைக்குள் ஏற்றினால், ஒவ்வோர் எழுத்தும் தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்தில் தொடங்கி மூன்றாகச் சிதறும். தமிழின் வழக்கமான எழுத்துகள் எல்லாம் ஒரே பைட்டில் தொடங்குவதால், இந்தக் கோலத்தைப் பார்த்தவுடனேயே அடையாளம் காணலாம். இதைப் பின்னோக்கி மாற்றி மீட்கவும் முடியும். கேள்விக்குறியாக ஏறியதை மீட்க முடியாது. தமிழ் எழுத்துகள் மூன்று பைட் என்பதால் மைஎஸ்கியூஎல்லின் பழைய மூன்று பைட் யூடிஎஃப்-8 வகையே போதும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. 2019-ல் யூனிகோட் 12.0 சேர்த்த தமிழ்த் துணைப் பகுதியில் முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகள் வந்தன, அவை நான்கு பைட். பழைய நிலக் கணக்குகளை எண்ணிம வடிவில் ஏற்றுபவர்கள் நான்கு பைட் யூடிஎஃப்-8 வகையான எம்பி4-ஐத்தான் இணைப்பிலும் அட்டவணையிலும் வைக்க வேண்டும்.

பாதையின் பாதுகாப்பு, நேர வரம்பு

மறையாக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. போஸ்ட்கிரெஸின் எஸ்எஸ்எல் அமைப்பு இயல்பாக 'இருந்தால் நல்லது' நிலையில் நிற்கிறது. சர்வர் மறுத்தால் மறையாக்கமின்றியே போய்விடும். சர்வர் தான் சொல்லும் சர்வர்தானா என்று உறுதி செய்வது முழுச் சரிபார்ப்பு நிலை மட்டுமே. இங்கேயும் வீட்டு அடைவு எட்டிப்பார்க்கிறது. மறையாக்கம் தேவை என்ற நடு நிலையில், வீட்டு அடைவில் வேர்ச் சான்றிதழ் கோப்பு இருந்தால் சான்றிதழைச் சரிபார்க்கும், இல்லாவிட்டால் சரிபார்க்காது. ஒரே வரி, இரண்டு கணக்குகளில் இரண்டு நடத்தை. எஸ்கியூஎல் சர்வரின் ஓடிபிசி டிரைவர் 18 மறையாக்கத்தை இயல்பாகவே கட்டாயமாக்கியதும், தானே கையொப்பமிட்ட சான்றிதழோடு ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்கிரிப்டுகள் நின்றுபோயின. பெரும்பாலோர் செய்த தீர்வு, எந்தச் சான்றிதழையும் நம்பு என்ற கொடியைச் சேர்த்தது. ஸ்கிரிப்ட் ஓடியது, டிரைவரை மாற்றியவர்கள் எதைத் தடுக்க நினைத்தார்களோ அது தடுக்கப்படவில்லை.

லிப்பிக்யூவில் இணைப்பு நேர வரம்பு கொடுக்காவிட்டால் காலவரையின்றிக் காத்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் நிரலில் இது ஆபத்து. முந்தைய ஓட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது கிளம்பும். போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100 இணைப்புகள், அதில் மூன்று சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. கோப்பு ஏற்றும் நிரலே மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். பத்து வினாடி வரம்பும், ஒரே நேரத்தில் ஒன்றே ஓட வைக்கும் எஃப்லாக் பூட்டும் இதற்குப் போதும். பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பான்கள் பல கிளையண்டுகள் ஓயாமல் இணைந்து விலகும் இடங்களுக்கானவை. இரவில் ஒருமுறை ஓடும் நிரலுக்கு அவை தேவையில்லை.

சோதிப்பது

இணைப்பைச் சோதிக்க என்று தரப்படும் கருவிகள் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது அதிகம். டிஎன்எஸ்பிங் ஆரக்கிளின் லிஸனர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பின்னால் தரவுத்தளம் நின்றிருந்தாலும் சரி என்றே சொல்லும். பிஜி இஸ்ரெடி தவறான பயனர் பெயர் கொடுத்தாலும் 0 என்ற வெளியேற்றக் குறியோடு முடியும். சர்வர் இணைப்புகளை ஏற்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. உங்களை ஏற்குமா என்பது வேறு கேள்வி. உண்மையான சோதனை ஒன்றே: நிரல் ஓடப்போகும் கணக்குக்கு மாறி, என்வ் கட்டளையால் சூழலைக் காலியாக்கி, கிரான் தரும் சில மாறிகளை மட்டும் கொடுத்து, நிரல் எழுதப்போகும் அதே அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்து, பின்வாங்கிப் பார்ப்பது. கோப்புச் சேமிப்புச் சேவையான நெக்ஸ்ட்கிளவுடின் ஓசிசி கருவி இந்த விஷயத்தில் கறாரானது. இணைப்பு விவரங்கள் இருக்கும் கான்ஃபிக் கோப்பின் சொந்தக்காரர் யாரோ, அவராக ஓட்டினால்தான் ஓடுவேன் என்று மறுத்துவிடும். புதிதாக வருபவர்கள் எரிச்சலடைகிறார்கள். ரூட்டாக ஓட்டிப் பார்த்து எல்லாம் சரி என்று திரும்பிப் போவதை அந்த மறுப்பு தடுக்கிறது.

அதன்பின் வெளியேற்றக் குறி. பிஎஸ்கியூஎல்லுக்கு ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்தால், நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் 0 என்று முடியும். ஆன் எரர் ஸ்டாப் மாறியை அமைத்தால்தான் முதல் பிழையில் நின்று 3 என்று திரும்பும். இணைப்பே அறுந்தால் 2. எஸ்கியூஎல் லோடர் யூனிக்ஸில் சில வரிகள் மட்டும் நிராகரிக்கப்பட்டால் 2 தரும், அதைத் தோல்வியாக எடுப்பதா எச்சரிக்கையாக எடுப்பதா என்பதை ஸ்கிரிப்ட் எழுதுபவர் முடிவு செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸ் 17-இலிருந்து காப்பி கட்டளைக்கும் வகை பொருந்தாத வரிகளைத் தாண்டிப் போகச் சொல்லலாம். ஆரக்கிள்காரர்கள் பல காலமாக அனுபவித்த வசதி இது. ஆனால் தாண்டிய வரிகளைக் கோப்பில் எழுதித் தருவதில்லை, இயல்பாக எண்ணிக்கையை மட்டும் சொல்லும். வங்கிக் கணக்கில் எத்தனை வரி விடுபட்டது என்பதைவிட எந்த வரி விடுபட்டது என்பதுதான் வேண்டும். அங்கே எல்லாப் புலங்களையும் வெறும் உரையாக இடைநிலை அட்டவணையில் ஏற்றிவிட்டு, எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் வேலையை உள்ளே எஸ்கியூஎல்லால் செய்துகொள்வதே இன்னும் நல்ல வழி.